பெரிய டைல்ஸும் கோணல் சுவரும்

வடசென்னையின் தண்டையார்பேட்டை, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை ஆகிய பகுதிகளில் குறுகிய மனைகளில் ஒட்டியொட்டி எழுந்த பழைய வீடுகளில், எதிரெதிர்ச் சுவர்கள் பல நேரம் இணையாக ஓடுவதில்லை. சிவப்பு ஆக்ஸைடு பூசிய தரையில் இணைப்புக் கோடே கிடையாது என்பதால், அந்தக் கோணல் கண்ணில் படாமலே இருந்தது. அதே தரையில் 60க்கு 60 சென்டிமீட்டர் விட்ரிஃபைட் டைல்ஸ் பதித்ததும், ஒவ்வொரு கோடும் ஓர் அளவுகோலாக மாறிச் சுவரின் குற்றத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தண்டையார்பேட்டையில் என் அக்கா வீட்டுச் சமையலறையை எடுத்துக்கொள்வோம். பின்சுவர் ஓரத்தில் அதன் அகலம் 2510 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய எட்டேகால் அடி. வாசல் ஓரத்திலோ 2480 மட்டுமே. சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைக்கும்படி இருபுறமும் 5 மில்லிமீட்டர் விரிவிடைவெளி விட்டு, இணைப்புக்கு 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) வைத்து, சமையல் மேடைச் சுவரிலிருந்து முழு டைல்ஸாகத் தொடங்கினால், நான்கு முழு டைல்ஸுக்குப் பின் எதிர்ச்சுவரில் எஞ்சுவது 88 மில்லிமீட்டர் பட்டை. அது வாசலை நெருங்கும்போது 58 ஆகச் சுருங்கும். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போவதை யாரும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முழு டைல்ஸை மூன்றாகக் குறைத்து, எஞ்சும் 688 மில்லிமீட்டரை இருபுறமும் பங்கிட்டால் பக்கத்துக்கு 344 கிடைக்கும். கொத்தனார்கள் பலரும் செய்வது இதுதான். ஆனால் சமபங்கு கட்டாயமில்லை என்பது என் கருத்து. மேடைக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில் 200 மில்லிமீட்டர் துண்டை வைத்துவிட்டால், எதிர்ச்சுவர்த் துண்டு 488 ஆகிறது. அது 458 ஆகக் குறுகினாலும் இழப்பு ஏறக்குறைய 6 விழுக்காடுதான். கோணல் அதே 30 மில்லிமீட்டர்; அது விழும் துண்டுதான் பெரிதாகியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய உடலியலாளர் எர்ன்ஸ்ட் வெபர் கண்டறிந்தபடி, நம் புலன்கள் ஒரு வேறுபாட்டை அதன் தனி அளவால் உணர்வதில்லை, மூல அளவோடு அதற்குள்ள விகிதத்தால்தான் உணர்கின்றன. துண்டு பெரிதாகப் பெரிதாகக் கோணல் மங்குவது இதனால்தான்.

டைல்ஸ் வரிசைக்கு வழிகாட்டும் முதல் நூலை எதற்கு இணையாகக் கட்டுவது என்பதே இதில் முக்கியமான முடிவு. உள்ளே நுழைபவரின் கண் தரைக்கோட்டை ஒப்பிடுவது மேடையின் முன்விளிம்போடுதான் என்பதால், அதற்கு இணையாக நூல் பிடித்து, கோணல் முழுவதையும் எதிர்ச்சுவருக்குத் தள்ளிவிடுவது நல்லது. குறுக்கு நூலுக்கு, செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்தை மட்டும் நம்பாமல், ஒரு நூலில் 6 அடி, மற்றதில் 8 அடி குறித்து, மூலைவிட்டம் சரியாக 10 அடி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நாலடிக்கு ரெண்டடி டைல்ஸ் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. உலையிலிருந்து வரும் நீண்ட டைல் நடுவில் சற்றே மேடாக வளைந்திருக்கலாம். செங்கல் சுவர் வரிசைகளைப்போலப் பாதி தள்ளிப் பதித்தால், ஒன்றின் தாழ்ந்த முனை அடுத்ததன் உயர்ந்த நடுப்பகுதியோடு சேர்ந்து, வெறுங்காலில் தட்டும். மூன்றில் ஒரு பங்கு தள்ளினாலும், வளைவின் கணக்குப்படி அந்த வேறுபாடு ஒன்பதில் ஒரு பங்கே குறைகிறது. ஆகவே சமையலறையில் நேர்வரிசையே மேல்.

நீளவாக்கில் எங்கிருந்து தொடங்குவது என்பதை முடிவு செய்வது வாட்டம், அதாவது தண்ணீர் வடியத் தரைக்குக் கொடுக்கும் சரிவு. பின்சுவர் ஓரத் தரையில் பொருத்திய, தண்ணீர் வடியும் நீண்ட ஜாலியை நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு கொடுத்தால், ஒவ்வொரு 60 சென்டிமீட்டர் டைலுக்கும் 6 மில்லிமீட்டர் இறங்கும். டைல் மடங்காது என்பதால், வாட்டம் தொடங்கும் கோடு இணைப்புக் கோட்டின் மீதே விழ வேண்டும். அக்கா வீட்டில் கடைசி இரண்டு வரிசைக்கு மட்டும் வாட்டம் என்று முடிவானதால், முழு டைல்ஸ் ஜாலிப் பக்கத்திலிருந்தே தொடங்கியது. வெட்டுத்துண்டு வாசலுக்குப் போயிற்று. அது அரை டைலுக்குக் குறையாமல் வருகிறதா என்பதை, கலவை குழைப்பதற்கு முன்பே ஒரு வரிசையை வெறும் தரையில் அடுக்கிப் பார்த்துவிட்டோம்.