புல்வெளி விவசாயமா, புற்பண்ணையமா?

அயர்லாந்தின் பால் பண்ணைகளில் செயற்கைக்கோள் தரவைக் கொண்டு புல்லை அளந்து மேய்ச்சலைத் திட்டமிடும் முறையைத் தமிழில் எழுதுவோர், 'துல்லியப் புல்வெளி விவசாயம்' என்ற தொடரையே திரும்பத் திரும்பக் கையாளுகின்றனர். அது பொருந்தாத ஆக்கம். 'துல்லியப் புற்பண்ணையம்' என்பதே தக்கது.

துல்லியம், துலாக்கோலோடு உறவுடைய வடசொல். ஒத்த அளவு என்பது அதன் அடிப்பொருள். தனித்தமிழ் அன்பர்கள் சிலர் அதை நீக்கி 'நுண்பண்ணையம்' என்பர். அதைப் படிப்பவருக்குச் சிறு பண்ணை என்றே பொருள்படும் என்பதால் நான் ஏற்பதில்லை. பண்ணையம், கொங்கு நாட்டு உழவர் நாவில் இன்றும் வழங்கும் நல்ல சொல்.

என் வழக்கெல்லாம் 'புல்வெளி' மீதுதான். வெளி என்பது திறந்து கிடக்கும் இடம்; புல்வெளி என்றதும் நமக்குப் பூங்காவோ நீலகிரியின் சோலையை அடுத்த இயற்கைச் சரிவோ தோன்றுகிறது. அயர்லாந்தின் பால் பண்ணைகளில் உள்ளதோ பெரும்பாலும் உரமிட்டு, அடைப்பு அடைப்பாக வேலியிட்டு, முறைவைத்து மாடுகளை மேய்த்து, எஞ்சியதை அறுத்து, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த ஊறுகாய்ப்புல்லாகச் சேமிக்கும் பயிர். 'மேய்ச்சல் நிலம்' என்பார் ஓரளவு நெருங்கி வருகின்றனர். ஆயினும் அறுத்துச் சேமிக்கும் புல் அச்சொல்லுக்குள் அடங்கவில்லை.

செயற்கைக்கோள் செய்யும் வேலையே இதற்குச் சான்று. உழவர் வாரந்தோறும் புல்லின் உயரம் காட்டும் தட்டுமானியை ஊன்றி நடந்து அளந்ததை, ஐரோப்பாவின் சென்டினல்-2 இணைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறையேனும் 10 மீட்டர் கட்டங்களாகப் படமெடுக்கின்றன. பச்சை இலை சிவப்பொளியை உறிஞ்சி அண்மை அகச்சிவப்பைத் திருப்பி வீசுவதால், அவ்விரண்டின் வேறுபாட்டிலிருந்து ஹெக்டேருக்கு உலர் எடையில் எத்தனை கிலோ புல் நிற்கிறது என்று கணிக்கின்றனர். அடர்ந்த புல்லில் இக்கணிப்பு மழுங்கும். மேகம் மறைக்கும் நாளில் சென்டினல்-1 ரேடார் ஓரளவு கைகொடுக்கும். இவ்வாறு அடைப்புதோறும் விளைச்சல் கணக்கிட்டு, எதை இன்று மேய்ப்பது, எதற்கு உரமிடுவது என முடிவு செய்யும் நிலத்தை 'வெளி' என்று எழுதுவது எவ்வகையில் தகும்?

அகராதியின் முதற்பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகரும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்நிலத்தில் நடக்கும் தொழிலை எண்ணிப் பார்ப்பதில்லை. கிளுவை வேலியடைத்து, கொழுக்கட்டைப்புல் நிறைந்த கொறங்காட்டில் மாடு வளர்க்கும் காங்கேயம் பகுதி உழவர் 'புல்வெளி விவசாயம்' என்ற தலைப்பைக் கண்டால், அது தம் தொழிலைப் பற்றியது என்று அறியாமலே கடந்துபோவார்.