எட்டிக்கொட்டை காட்டிக் கொடுத்த ஏற்பி

பாபநாசம் பக்கம் மலையடிவாரக் காடுகளில் எட்டி மரத்தைப் பார்க்கலாம். பழம் ஆரஞ்சு நிறத்தில் ஆசை காட்டும். உள்ளே கொட்டை, சட்டைப் பொத்தான் போல வட்டமாக, தட்டையாக, சாம்பல் நிறத்தில் பட்டு மயிரோடு இருக்கும். ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்று சும்மாவா சொன்னார்கள்! சுத்தி செய்யாமல் அதை மருந்தில் சேர்க்கக் கூடாது என்பது பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாடம்.

அந்தக் கொட்டையின் நஞ்சு ஸ்ட்ரிக்னைன். 1818-இல் பிரான்சில் பெல்லெத்தியேவும் கவான்தூவும் இந்த மரக் குடும்பத்தின் விதையிலிருந்து அதைப் பிரித்தார்கள். அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது?

முழங்கையை மடக்கும்போது முன்பக்கத் தசை சுருங்கும், பின்பக்கத் தசை தளர வேண்டும். ‘நீ சும்மா இரு’ என்று தண்டுவடத்தில் செய்தி சொல்வது கிளைசின் என்ற சிறு மூலக்கூறு. நரம்பணுவின் மேல்சவ்வில் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் உண்டு, அதுதான் ஏற்பி. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து நடுவில் ஒரு துளை. கிளைசின் ஒட்டியதும் துளை திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே போக, நரம்பணு அடங்குகிறது. ஸ்ட்ரிக்னைன் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டால் அடக்க ஆளில்லை. எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகும், மூச்சுத் தசை உட்பட.

ஏற்பியை இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிற பொருளை வைத்தே அதை வெளியே இழுக்கலாமே? ஜெர்மனியில் ஹைன்ரிக் பெட்ஸ் குழு 1982-இல் அதைத்தான் செய்தது. ஸ்ட்ரிக்னைனில் சிறு மாற்றம் செய்து பிசின் மணிகளில் கட்டி, எலித் தண்டுவடச் சாற்றை அதன் வழியே விட்டார்கள். ஏற்பி மாட்டிக்கொண்டது. அப்புறம் அதைச் சுண்டெலிக்கு ஊசி போட்டு, அதன் எதிர்ப்பணுக்களைப் புற்றணுக்களோடு இணைத்து, ஒவ்வொன்றும் ஒரே வகை எதிர்ப்பொருளை, அதாவது குறிப்பிட்ட ஒரு இலக்கில் ஒட்டும் புரதத்தை, சுரக்கும் அணுக்கூட்டங்களை வளர்த்தார்கள். கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் காட்டிய வழி இது.

ஏற்பி எங்கே இருக்கிறது என்று பார்க்க, எதிர்ப்பொருளைப் பயன்படுத்தும் விதம் இப்படி. மெல்லிசான தண்டுவடச் சீவலில் எதிர்ப்பொருளை ஊற்றி, பெரும்பாலும் ஒரு ராத்திரி குளிரில் வைப்பார்கள். கழுவிய பிறகு, சுண்டெலியின் எதிர்ப்பொருளைப் பிடிக்கும் இரண்டாம் எதிர்ப்பொருள். அதில் ஒளிரும் சாயம். நுண்ணோக்கியில் இயக்க நரம்பணுவின் ஓரமெங்கும் பச்சைப் புள்ளிகள்.

எனக்குப் பிடித்த சங்கதி இனிமேல்தான். அந்த முதல் எதிர்ப்பொருள்களில் ‘7ஏ’ என்பது ஏற்பியையே பிடிக்கவில்லை! ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு வந்த 93 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அளவு) புரதத்தைப் பிடித்தது. ஜெஃபிரின் என்று பெயர் பெற்ற அது, ஏற்பிகளை நரம்புச் சந்தியில் நிலையாக நிறுத்தி வைக்கிறது. காபா என்ற இன்னொரு அடக்கும் பொருளின் ஏற்பிகளுக்கும் அதே வேலையைச் செய்கிறது. ஆக, ‘7ஏ’ காட்டும் புள்ளியை வைத்து அங்கே கிளைசின் ஏற்பி இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது. ஜெஃபிரினைத் தேடுகிறவருக்கோ அது தங்கமான எதிர்ப்பொருள்.

அதே கூட்டத்தில் வந்த ‘2பி’ எதிர்ப்பொருள், ஏற்பியின் புரதத் துண்டுகளில் ஆல்ஃபா-1 என்ற வகையை மட்டும் பிடிக்கும். ‘4ஏ’ பல வகைத் துண்டுகளுக்கும் பொதுவான இடத்தைப் பிடிக்கும். பிறந்த எலிக்குட்டியின் தண்டுவடத்தில் பெரும்பாலும் ஆல்ஃபா-2 என்ற வகைதான். வளர வளரத்தான் ஆல்ஃபா-1 அதன் இடத்தைப் பிடிக்கிறது. குட்டியின் தண்டுவடச் சீவலில் ‘2பி’யைப் போட்டால் படம் மங்கலாக வரும். சரி, ஏற்பியே இல்லை என்று எழுதிவிடலாமா? அதே குட்டியின் சீவலில் ‘4ஏ’யைப் போட்டுப் பார்க்காமல் கூடாது.