‘டிஸோசியேஷன்’: பிளவா, விலகலா?

ஒரே ஆளுக்குள் பல ஆளுமைகள் மாறி மாறி வந்து, நடந்தது பலவும் நினைவில்லாமல் போகும் ஒரு மனக் கோளாறு உண்டு. மருத்துவர்கள் டிஐடி என்று சுருக்கும் இந்த ‘டிஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்’, 2005-இல் வந்த இரண்டு பெரிய படங்களின் புண்ணியத்தில் நம்மிடம் ‘ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி’, ‘மல்டிபிள் பர்சனாலிட்டி’ என்றே பழகிவிட்டது. ‘மல்டிபிள்’ என்ற பெயரை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994-லேயே கைவிட்டது. நாம் விடவில்லை.

வேர் லத்தீன். ‘சோசியுஸ்’ என்றால் கூட்டாளி. முன்னால் ‘டிஸ்’ வந்தால் கூட்டு கலைகிறது. மனத்தின் ஒரு பகுதி மற்றதோடு சேராமல் தனியே இயங்குவதைப் பற்றி பிரெஞ்சு உளவியலாளர் பியர் ஜானே 1889-இல் விரிவாக எழுதினார்.

தமிழில் ‘ஆளுமைப் பிளவு’ என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பிளவு என்றதும் மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரீனியா, வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பெயரின் கிரேக்க வேருக்கே பிளத்தல் என்றுதான் பொருள். நோய் முற்றிலும் வேறு. டிஐடிக்கு ‘விலகல்’ பொருந்தும். தோள்மூட்டு விலகிருச்சு என்கிறோமே, எலும்பு உடையவில்லை, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். இன்னொன்று, விலகு தன்வினை, விலக்கு பிறவினை. சிறுவயதில் கொடுமை ஓயாமல் நடக்கும்போது, ஓட வழியில்லாத பிள்ளையின் மனம் தானாக விலகுகிறது; பிள்ளை அதை விலக்குவதில்லை. ஆகவே ‘விலகல் அடையாளக் கோளாறு’. உள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் ‘ஆல்டர்’ என்பார்கள். ‘உள்ளாள்’ என்று சொல்லிப் பார்த்தேன், உளவாளி மாதிரி ஒலிக்கிறது.

சரி, மனம் விலகிப் பழகியவர், தன்னை அடிக்கிற வீட்டை விட்டும் விலக வேண்டியிருந்தால்? ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஆதார் அட்டை, பாஸ்புக், இரண்டு புடவை எல்லாவற்றையும் பையில் வைக்கிறாள். காலையில் பை காலி. புடவை மடித்தபடி அலமாரியில். மடித்தது அவள் கைதான், அவளுக்கு நினைவில்லை. அடிக்கிறவரை அனுசரித்துப் போனால்தான் உயிர் தப்பும் என்று சிறுவயதில் கற்ற ஒருவர் உள்ளே இருக்கிறார். ஊர் சொல்லும்: “போறேன் போறேன்னு சொல்லிட்டு அங்கேயேதான் கிடக்கா.”

அதனால் பை நம்பகமான தோழி வீட்டில் இருப்பது நல்லது. நடந்ததைத் தேதி போட்டு எழுதும் நோட்டும் அங்கேயே இருக்கட்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டுமல்ல, வசவையும், கையில் காசில்லாமல் வைப்பதையும் வன்முறை என்கிறது. பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம், பெண்கள் உதவி எண் 181-க்கு அழைக்கலாம். புகாரில் தேதி முன்பின் ஆனால் ‘பொய்’ என்பார்கள். மருத்துவச் சான்றில் ‘பிளவு’ என்று இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் ‘பைத்தியம்’ என்றே வாசிப்பார். ‘விலகல்’, நினைவு இடைவெளியோடு வரும் கோளாறு, என்று இருந்தால் தேதிக் குழப்பத்துக்குக் காரணம் சொல்ல இடமிருக்கும்.

அந்த நோட்டில் சில பக்கங்களில் கையெழுத்தே வேறாக இருக்கலாம். கிழித்துவிடாதீர்கள், அதுவும் அவள் எழுதியதுதான்.