படலம் மறைந்தால் எண்ணெய் போய்விடுமா?

தண்ணீரில் எவ்வளவு எண்ணெய் கலந்திருக்கிறது என்று அறிய வாழைச்சேனைத் துறைமுகத்தில் நீர் மாதிரி எடுக்கும்போது முதல் வேலை எஞ்சினை நிறுத்துவதுதான். இல்லாவிட்டால் எங்கள் படகின் மண்ணெண்ணெயே போத்தலுக்குள் வந்துவிடும். பிளாஸ்டிக் போத்தலும் ஆகாது, எண்ணெயிலுள்ள ஐதரோகாபன்கள் (காபனும் ஐதரசனும் சேர்ந்த சேர்மங்கள்) அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பழுப்புக் கண்ணாடிப் போத்தலை மூடியபடியே ஒரு முழ ஆழத்துக்கு இறக்கி, அங்கேதான் திறப்பேன்.

வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எண்ணெய் மேலதானே மனே மிதக்கும், நீ ஏன் கீழ அள்ளுறாய்?"

நியாயமான கேள்வி. எண்ணெய் முழுக்க மிதப்பதில்லை. அதிலுள்ள பென்சீன் ஒரு லீற்றர் நன்னீரில் 1.8 கிராம் வரை கரையும். கடல்நீரில் சற்றுக் குறைவு. அது சீக்கிரம் ஆவியாகிவிடும். பல காபன் வளையங்கள் கொண்ட சேர்மங்கள் மிகக் கொஞ்சமே கரைந்தாலும் எளிதில் போவதில்லை. லீற்றருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே சில மீன்களின் முட்டைக்குள் வளரும் குஞ்சின் இதயம் பழுதாகும். கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீரிலும் இது நடக்கும்.

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெயுடன் வந்த நியூ டயமண்ட் கப்பல் அம்பாறையின் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியதை நாம் மறக்கவில்லை. நல்லவேளை, அந்தச் சரக்கு கடலில் கொட்டவில்லை. ஆனால் என்னைக் கவலைப்பட வைப்பது அன்றாடம் சேர்வதுதான். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் குடிக்கும் எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எரியாமலே தண்ணீருக்குள் போகும். கராஜ்களின் கழிவு ஒயில் வடிகான் வழியே வாவிக்கு வரும். மாரியில் முகத்துவாரம் வெட்டினால் அது கடலுக்கு. அதனால்தான் துறைகளிலும் முகத்துவாரத்திலும் ஐதரோகாபன் அளவு கூடி, வெளிக்கடல் போகப் போகக் குறையும். கண்டல் இலையின் மெழுகும் கடற்பாசிகளும்கூட ஐதரோகாபன் தரும். ஒரு மூலக்கூறில் எத்தனை காபன் அணுக்கள் என்பதை வைத்து, எது இயற்கையானது, எது எண்ணெயிலிருந்து வந்தது என்று பிரித்தறிகிறோம்.

அன்று பக்கத்துப் படகில் ஒயில் சிந்திவிட்டது. ஒரு தம்பி சவர்க்காரத் தூளைத் தூவினார். வானவில் படலம் நொடியில் காணாமல் போனது. "பார், போயிற்று" என்றார் பெரியவர். போகவில்லை ஐயா, நுண்ணிய துளிகளாக உள்ளே இறங்கியிருக்கிறது, மீன் முட்டை மிதக்கும் அதே தண்ணீருக்குள் என்றேன்.

தூளைத் தூவாதீர்கள். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்குமுன் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். எஞ்சின் ஒயில் மாற்றினால் பழையதை ஒரு கேனில் ஊற்றிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த முறை நான் போனபோது பெரியவரின் படகில் அப்படியொரு கேன் கயிற்றில் கட்டிக் கிடந்தது, பாதி நிறைந்து.