மிதவை வளையத்தை ஏன் கழற்றச் சொன்னார்?

ஒரு வாசகியின் கடிதம் இது. அவருடைய ஐந்து வயது மகனுக்குப் பெருமூளை வாதம். வலது கையும் வலது காலும் இறுகிக்கிடக்கும். நீர் சிகிச்சைக்கு அழைத்துப்போகத் தொடங்கியிருக்கிறார். "தரையில் பிடிமானமில்லாமல் நிற்க முடியாதவன், மார்பளவு தண்ணீரில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பயமாக இருந்ததால் ஒரு மிதவை வளையம் வாங்கிப்போனேன். பிசியோதெரபிஸ்ட் அதைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டார். வளையம் இருந்தால் இன்னும் பாதுகாப்புதானே? தண்ணீர் அப்படி என்னதான் செய்கிறது?"

அவன் ஏன் நிற்கிறான் என்பதற்கான பதில் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ஆர்க்கிமிடிஸ் சொன்ன மேல்நோக்கு விசை. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்கள் உடல் எடையில் ஏறக்குறைய பாதியைத்தான் சுமக்கின்றன. மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. பதினைந்து கிலோ பிள்ளை மார்பளவு தண்ணீரில் ஐந்து கிலோ பிள்ளையாக நிற்கிறான், அவ்வளவுதான். நோய் குறையவில்லை, சுமை குறைந்திருக்கிறது.

நோயைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்துக்குள்ளோ வளரும் மூளையில் ஏற்படும் சேதம்தான் பெருமூளை வாதம். அந்தச் சேதம் பிறகு பரவுவதில்லை. ஆனால் அதன் விளைவுகள் உடல் வளர வளர மாறிக்கொண்டே இருக்கும். லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில் 1861இல் இதைச் சிக்கலான பிரசவத்தோடு இணைத்துப் பேசினார். 1897இல் இன்னொருவர் அதைத் திருப்பிப் போட்டார்: பிரசவம் சிக்கலானதே கருவில் முன்னமே ஏதோ பிசகியதன் அறிகுறியாக இருக்கலாம் அல்லவா என்றார். அவர் பின்னாளில் வேறு காரணத்துக்காகப் பேர்பெற்ற சிக்மண்ட் ஃபிராய்ட். அப்போது அவர் நரம்பியல் மருத்துவர். அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிரசவ நேர மூச்சுத்திணறல் காரணமே இல்லை. அம்மா என்ன பாவம் செய்தாள், என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று விசாரணை நடத்துகிற உறவினர்களுக்கு இதை அச்செடுத்துக் கொடுக்கலாம்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

இந்தப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு இருப்பது தசை இறுக்க வகை. இந்த இறுக்கத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: அது வேகத்தைப் பொறுத்தது. மடங்கியிருக்கும் முழங்கையை மெதுவாக விரித்தால் ஓரளவு வழிவிடும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். தசை எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதை அதற்குள் இருக்கும் நுண்ணிய உணரிகள் தண்டுவடத்துக்குச் சொல்கின்றன. தண்டுவடம் உடனே "சுருங்கு" என்று திருப்பி உத்தரவிடுகிறது. முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுவதும் இதே அனிச்சைதான். மற்றவர்களுக்கு மூளை மேலிருந்து இதை அடக்கிவைக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த அடக்கும் பாதை பழுது. நரம்பியலாளர் ஜேம்ஸ் லான்ஸ் 1980இல் கொடுத்த வரையறையே "வேகத்தைச் சார்ந்து கூடும் இறுக்கம்" என்றுதான் இருக்கிறது.

தண்ணீருக்கும் வேகம் பிடிக்காது. அதற்குள் அசையும் பொருளுக்கு ஏற்படும் தடை, வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும். இரண்டு மடங்கு வேகமாகக் கையை வீசினால் நான்கு மடங்கு தடை. ஆக, எந்த வேகத்தில் தசை முரண்டுபிடிக்குமோ அந்த வேகத்தை எட்டுவதே தண்ணீருக்குள் கடினமாகிவிடுகிறது. யாரும் "மெதுவாக, மெதுவாக" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இதோடு வெதுவெதுப்பும் சேர்கிறது. சிகிச்சைக் குளத்தில் தண்ணீர் 33 முதல் 35 டிகிரி வரை இருக்கும். நீச்சல் போட்டிக் குளம் 25க்கும் 28க்கும் இடையில். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், குளிர்ந்த தண்ணீர் இந்தப் பிள்ளையின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சி நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கூட்டிவிடும்.

நீர் சிகிச்சை பற்றிய பல விளக்கங்கள் இங்கேயே முடிந்துவிடும்: எடை குறைகிறது, சூடு இதமாக இருக்கிறது, தசை தளர்கிறது. இவ்வளவுதான் விஷயம் என்றால் வளையம் மாட்டிக்கொண்டு மிதந்தாலே போதுமே. எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

ஜேம்ஸ் மெக்மில்லன் மருத்துவரல்ல, திரவ இயக்கவியல் தெரிந்த பொறியாளர். 1949இல் லண்டனில், உடல் ஊனமுற்ற சிறுமிகளுக்கான ஹாலிவிக் பள்ளியில் நீச்சல் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். மனித உடலை அவர் ஒரு படகைப் பார்ப்பது போலவே பார்த்தார்.

மிதக்கும் எந்தப் பொருளுக்கும் இரண்டு புள்ளிகள் முக்கியம். ஒன்று ஈர்ப்பு மையம். எடை முழுவதும் அங்கிருந்து கீழே இழுப்பதாகக் கொள்ளலாம். இன்னொன்று மிதப்பு மையம். பொருள் விலக்கிய தண்ணீரின் நடுப்புள்ளி அது, மேல்நோக்கு விசை அங்கிருந்துதான் தள்ளுகிறது. இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருந்தால் உடல் அமைதியாக மிதக்கும். கோடு விலகினால் ஒரு விசை கீழே இழுக்க, இன்னொன்று பக்கத்தில் மேலே தள்ள, உடல் திரும்பும். கோடு மறுபடி நேராகும்வரை திரும்பிக்கொண்டே இருக்கும். நம் ஈர்ப்பு மையம் இடுப்பெலும்புப் பகுதியில். மிதப்பு மையமோ காற்று நிறைந்த நுரையீரலின் புண்ணியத்தில் நெஞ்சுப் பக்கம். மல்லாந்து மிதக்கப் பழகுபவர்களின் கால்கள் ஏன் தாழ்ந்துபோகின்றன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது இந்தப் பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைப்போம். இடது கை விரிந்து தண்ணீருக்குள் இருக்கிறது. வலது கை முழங்கையில் மடங்கி மார்புக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, பாதி வெளியே. ஒரு கை உடல் எடையில் சுமார் ஐந்து சதவீதம் என்றால், பதினைந்து கிலோ பிள்ளைக்கு முக்கால் கிலோ. தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்த முக்கால் கிலோ ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வெளியே வந்த பகுதி மட்டும் திடீரென்று முழு எடையோடு அழுத்துகிறது, அதுவும் நடுக்கோட்டிலிருந்து தள்ளி. போதாததற்கு அது விலக்கிக்கொண்டிருந்த தண்ணீரும் இப்போது இல்லை. மிதப்பு மையம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. உடல் வலப்பக்கமாகப் புரளத் தொடங்குகிறது.

அவன் பயந்து தலையை வலப்பக்கம் திருப்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுபிள்ளைகளின் தலை உடலோடு ஒப்பிட்டால் பெரியது, அது திரும்பினால் உடலும் அதே திசையில் புரளும். இதில் இன்னொரு சிக்கலும் சேரலாம். கைக்குழந்தைகளுக்கு ஓர் அனிச்சை உண்டு: தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கக் கை நீளும், மறுபக்கக் கை மடங்கும். பார்க்க வாள்வீச்சுக்காரர் நிற்பது போல இருக்கும். பொதுவாக முதல் வயதுக்குள் இது மறைந்துவிடும். பெருமூளை வாதமுள்ள சில பிள்ளைகளுக்கு மறைவதில்லை. அப்படியிருந்தால் ஒரு தலைத்திருப்பலே இரண்டு கைகளின் அமைப்பையும் மாற்றி, புரளலை இன்னும் குழப்பிவிடும்.

நாற்காலியில் இதெல்லாம் தெரியாது. பெல்ட் போட்டு உட்காரவைத்துவிட்டால், உடலின் இடவலச் சமனின்மையைப் பெல்ட் விழுங்கிவிடும். தண்ணீர் விழுங்காது. ஒரு கை எழுந்தால், ஒரு தோள் இறுகினால், உடனே சுழற்சியாக அதைச் சொல்லிவிடும். அதையும் நிதானமாகச் சொல்லும் என்பதுதான் இதில் அழகு. தரையில் சாயும் பிள்ளை ஒரு நொடிக்குள் விழுந்துவிடுகிறான்; பழுதுபட்ட பாதைகள் வழியாகத் தாமதமாக வரும் திருத்தம், விழுந்த பிறகுதான் வந்துசேரும். தண்ணீரில் அந்தச் சாய்வு இழுபட்டு நீள்கிறது. தாமதமான திருத்தமும் நேரத்தோடு வந்துவிடுகிறது. தலையை இடப்பக்கம் கொண்டுவந்தால் புரளல் நிற்கிறது. இடது கையைக் கயிற்றின்மேல் நடப்பவர் கோலை நீட்டுவது போலப் பக்கவாட்டில் இன்னும் நீட்டினால் உடல் திரும்பி வருகிறது. தானே செய்த ஓர் அசைவுக்கு உடல் முழுவதும் பதில் சொல்வதை அவன் உணர்கிறான். அவனுக்கு அது முதல் தடவையாகக்கூட இருக்கலாம்.

மெக்மில்லன் இதைப் பத்துப் படிகளாக வகுத்தார். முதல் படி தண்ணீரோடு பழகுவது. முகம் தண்ணீரை நெருங்கும்போதெல்லாம் ஊதி மூச்சைவிடக் கற்பதும் அதில் அடங்கும். அடுத்து பக்கவாட்டுச் சாய்வு, முன்பின்னான சுழற்சி, தலை முதல் கால்வரை போகும் அச்சில் புரளல், இவற்றின் கலவை என்று சுழற்சிகளைக் கட்டுப்படுத்தும் படிகள். நீச்சல் அடிப்பது கடைசிப் படி. எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக்கு இரண்டு படி முன்னால் வருவது: பிள்ளை மல்லாந்து மிதக்க, சிகிச்சையாளர் அவன் தலைப்பக்கம் பின்னோக்கி நடந்தபடி, தொடாமலே, அவன் தோள்களுக்குக் கீழே கைகளால் தண்ணீரைக் கலக்குவார். அந்தச் சுழிப்பில் பிள்ளை இழுபட்டுக் கூடவே வருவான். அவன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, புரளாமல் இருப்பது. அதுதான் இருப்பதிலேயே கடினம்.

வளையம் ஏன் கூடாது என்பது இப்போது புரியும். வளையம் மாட்டியதும் மிதப்பு மையம் பிளாஸ்டிக் இருக்கும் இடத்தை நோக்கி நகர்ந்துவிடுகிறது. தலை திரும்பினாலும் கை எழுந்தாலும் உடல் புரளாது. தன் உடலின் சமநிலையை அவன் கற்பதற்குப் பதிலாக, உடலும் வளையமும் சேர்ந்த வேறொரு பொருளின் சமநிலைக்குப் பழகிக்கொள்வான். மெக்மில்லன் முறையில் மிதவை கிடையாது, ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் உண்டு. அவருடைய கைதான் வளையம். தேவைப்படும் அளவுக்குத் தாங்கி, தேவை குறையக் குறைய விலகும். எல்லாரும் இப்படிச் செய்வதில்லை. சுவிட்சர்லாந்தின் பாட் ரகாஸில் உருவான முறை வளையங்களைக் கழுத்திலும் இடுப்பிலும் கட்டியே தசைப் பயிற்சி தருகிறது. அதன் நோக்கம் வேறு.

பலன் எவ்வளவு? தைவானில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில் 24 பிள்ளைகள். வழக்கமான சிகிச்சையோடு நீர்ப் பயிற்சியும் பெற்றவர்கள் பன்னிரண்டு வாரத்தில் உட்காருதல், தவழுதல், நிற்றல் போன்ற பெரிய அசைவுகளில் கூடுதலாக முன்னேறினார்கள், பயிற்சியை அதிகமாக ரசித்தார்கள். தசை இறுக்கத்தில் மட்டும் இரு குழுக்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. இதமான சூட்டில் தளர்ந்த தசை கரையேறியதும் பழையபடி ஆகிவிடும். தங்குவது கற்றுக்கொண்ட கட்டுப்பாடு. ஆனால் 24 பேரை வைத்து உறுதியாக எதையும் சொல்லிவிட முடியாது. இந்தத் துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன. தண்ணீருக்குக் காப்புரிமை வாங்க முடியாது, அதனால் பணம் போடவும் ஆளில்லை. போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடுவது போல இங்கே செய்யவும் வழியில்லை. எந்தப் பிள்ளையையும் நனையாமலே நனைந்ததாக நம்பவைக்க முடியாது. பொது நிதி இங்கேதான் வரவேண்டும் என்பது என் கருத்து.

ஒப்பீட்டுக் குழு எவ்வளவு அவசியம் என்பதற்குக் கனடாவில் ஒரு பாடம் இருக்கிறது. உயர் அழுத்த ஆக்சிஜன் அறை இந்த நோயைக் குணமாக்கும் என்று பெரிய நம்பிக்கை பரவியபோது 111 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அழுத்தமான ஆக்சிஜன், இன்னொன்றுக்கு லேசாக அழுத்திய சாதாரணக் காற்று. 2001இல் முடிவு வந்தது: இரண்டு குழுவும் முன்னேறியிருந்தன, ஒரே அளவில். காற்றுக் குழு இல்லாமல் போயிருந்தால் ஆக்சிஜன் அதிசய மருந்தாகியிருக்கும். டால்ஃபினோடு நீந்தினால் மூளை சரியாகும் என்று விற்பவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்: டால்ஃபின் இல்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் விட்ட குழு எங்கே?

வாசகி கேட்க மறந்த ஒன்றும் உண்டு. கட்டுப்படாத வலிப்பு, காய்ச்சல், ஆறாத புண், அடிக்கடி புரையேறுதல் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தண்ணீரில் இறக்கக்கூடாது. பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளில் வலிப்பு சாதாரணமாகக் காணப்படுவது. வளையம் வேண்டாம் என்பதற்கு ஆள் வேண்டாம் என்று அர்த்தமும் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் பயிற்சி பெற்றவர் இருந்தே தீரவேண்டும். கரையேறும்போது விட்டிருந்த எடை மொத்தமும் ஒரேயடியாகத் திரும்பும், ஈரத் தோலிலிருந்து சூடும் போகும். உலர்ந்த துண்டு முன்கூட்டியே தயாராக இருக்கட்டும், படியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

நடப்பானா என்ற கேள்விக்குக் குளத்தில் பதில் தேடவேண்டாம். அது மூளையில் சேதம் எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்தது. உங்கள் மருத்துவர், பெரிய அசைவுகளின் திறனை வகைப்படுத்தும் ஐந்து நிலை அளவுகோலை வைத்து ஓரளவு சொல்வார். நீந்துவானா என்பது வேறு கேள்வி. பெருமூளை வாதமுள்ள வீரர்கள் 1980 முதல் பாராலிம்பிக்கில் பங்கேற்கிறார்கள், நீச்சலிலும். சக்கர நாற்காலியில் வந்து இறங்குபவர்களும் அவர்களில் உண்டு. அங்கே செயற்கைக் கால், மிதவை, எந்தத் துணைக்கருவிக்கும் அனுமதி கிடையாது.