டோல்கேட்டில் யார் காசு கட்டாமல் போகலாம்? நெடுஞ்சாலை விதி சொல்வது இதுதான்

சுங்கச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டி வாக்குவாதம் செய்பவர்களில் பலருக்கும், அவர்களைத் தடுத்து நிறுத்தும் ஊழியர்களில் பலருக்கும் விதி என்ன சொல்கிறது என்று தெரிவதில்லை. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு அது எழுத்திலேயே இருக்கிறது: 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள். அதன் 11ஆம் விதிதான் கட்டண விலக்கு பெறுவோரின் பட்டியல்.

குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர், முதல்வர், நீதிபதிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் என்று தொடங்குகிறது அது. சட்டமன்ற உறுப்பினருக்குத் தன் மாநிலத்துக்குள் மட்டுமே விலக்கு, அதுவும் அடையாள அட்டையைக் காட்டினால்தான். பரம் வீர் சக்ரா முதல் சௌர்ய சக்ரா வரையிலான வீர விருது பெற்றவர்களுக்கும் உண்டு. பத்திரிகையாளர், வழக்கறிஞர், சாதாரண அரசு ஊழியர் ஆகியோர் இதில் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களை நம்பி வண்டியை நிறுத்திச் சண்டை போட வேண்டாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. ஆம்புலன்ஸ், அமரர் ஊர்தி, தீயணைப்பு வண்டி, சீருடையில் செல்லும் காவல்துறை மற்றும் துணை ராணுவப் படையினர், சாலையை ஆய்வு செய்யவோ பராமரிக்கவோ வரும் அரசு வாகனம் எல்லாம் அதில் வருகின்றன. இங்கே விலக்கு ஆளின் அந்தஸ்துக்கு அல்ல, வண்டி செய்யும் வேலைக்கு. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் மூச்சுக்காக நாடே தவித்தபோது, ஆக்சிஜன் டேங்கர்களை ஆம்புலன்ஸுக்கு இணையாகக் கருதி இரண்டு மாதங்களுக்குக் கட்டணமின்றி விடச் சொன்னார்கள். சரக்கு வண்டியே ஆனாலும் அது சுமந்தது உயிர் என்று அரசு ஒப்புக்கொண்ட நல்ல முடிவு அது.

ராணுவத்துக்கான விலக்கு இதைவிடப் பழையது. 1901ஆம் ஆண்டு போட்ட சுங்கச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தரைப்படை, விமானப்படைக்கான அந்தச் சலுகை கடற்படைக்கும் உண்டு. சாலை, பாலம், படகுத்துறை, தோணி எதிலும் படையிடம் சுங்கம் கேட்கக் கூடாது என்கிறது சட்டம். பணியில் இருக்கும் அல்லது அணிவகுத்துச் செல்லும் வீரர், படையோடு வரும் அவர் குடும்பத்தார், வண்டி, குதிரை, மூட்டைமுடிச்சு, காவலில் கொண்டு செல்லப்படும் கைதி, ஏன், படையின் உணவுக்காக ஓட்டிச் செல்லும் ஆடுமாடுகள் வரை கணக்கில் எடுத்திருக்கிறார்கள். மீறி வசூலித்தவருக்கு ஐம்பது ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

அந்தச் சட்டத்தில் ‘பணியில்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். விடுப்பில் சொந்தக் காரில் ஊருக்குப் போகும் வீரரும், ஓய்வு பெற்றவரும் இதைக் கொண்டு விலக்கு கேட்க முடியாது. ராணுவ கேண்டீன் கார்டைக் காட்டினாலும் செல்லாது. நாட்டுக்காக உழைத்தவரைச் சாவடியில் நிறுத்துவது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைய விதி அதுதான்.

பொதுமக்களில் இருசக்கர வாகனம், ஆட்டோ, டிராக்டர், மாட்டுவண்டி ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. பைக்குக்கும் டோல் வரப்போகிறது என்று 2025இல் பரவிய செய்தியை நெடுஞ்சாலை ஆணையமே மறுத்தது. மாற்றுத்திறனாளிக்கென வடிவமைத்த வாகனத்துக்கும் விலக்கு உண்டு. ஆர்.சி.யில் உரிமையாளர் வகை ‘திவ்யாங்ஜன்’ என்று பதிவாகியிருக்க வேண்டும். பிறகு விலக்கு பெற்ற ஃபாஸ்டேக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு முற்றிலும் இலவசம் என்று விதியில் இல்லை. மதுரை கப்பலூர் சாவடியில் திருமங்கலம் மக்கள் திரும்பத் திரும்பப் போராடுவது அதற்காகத்தான். விதி தருவது மாதாந்திர பாஸ். சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர், வணிகப் பயன்பாடு இல்லாத சொந்த வண்டிக்கு முகவரிச் சான்றும் ஆர்.சி.யும் கொடுத்து வாங்கலாம். 2007-08இல் 150 ரூபாய் என்று வைத்த தொகை ஆண்டுதோறும் உயர்ந்து 2025-26இல் 350 ரூபாய் ஆனது. தினமும் வேலைக்குப் போய் வருபவருக்கு இது பெரிய உதவி. தொலைதூரம் ஓட்டுபவர்களுக்காக 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆண்டு பாஸும் வந்தது: கார், ஜீப், வேன்களுக்கு, தொடங்கியபோது 3,000 ரூபாயில் 200 பயணம். சாதாரணமாக ஒரு சாவடியைக் கடந்தால் ஒரு பயணம், போய்வந்தால் இரண்டு.

கடைசியாக, அதிகம் பேர் பயன்படுத்தாத ஓர் உரிமை. உங்கள் ஃபாஸ்டேக் செல்லுபடியாகி, போதிய பணமும் இருந்து, சாவடியின் கருவி பழுதால் மட்டுமே கட்டணம் எடுக்க முடியவில்லை என்றால், காசில்லாமல் விட்டாக வேண்டும். 2018 மே மாதத் திருத்தம் இதைச் சொல்கிறது. கட்டணம் பூஜ்யம் என்று காட்டும் ரசீதும் கட்டாயம் தர வேண்டும். ரொக்கமாகக் கட்டச் சொல்லி வற்புறுத்தினால் 1033 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யலாம். டேக்கில் பணம் இல்லாவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்போது ரொக்கமென்றால் இரு மடங்கு, 2025 நவம்பர் 15 முதல் யுபிஐ என்றால் ஒன்றேகால் மடங்கு என்று ஆனது.

வரிசை 100 மீட்டரைத் தாண்டினால் இலவசம் என்பதை மட்டும் இனி நம்ப வேண்டாம். 2021இல் ஆணையம் பிறப்பித்த அந்த உத்தரவு 2024இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. நெரிசலுக்கு இப்போது நீதிமன்றம்தான் வழி. திருச்சூர் அருகே பாலியேக்கரா சாவடியில், சாலை அடைத்துக் கிடக்கும்போது வசூல் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தடை விதித்தது. அதை எதிர்த்து ஆணையம் உச்ச நீதிமன்றம் போயும் பலிக்கவில்லை. அக்டோபரில்தான் மீண்டும் வசூல் தொடங்கியது. ஆனால் இது அந்தச் சாவடிக்கு மட்டுமான தீர்ப்பு. மற்ற இடங்களில் அதைக் காட்டிக் கட்ட மறுக்க முடியாது. மாநில அரசின் டோல் சாலைகளுக்கு விதிகளே வேறு.