பாதரசம் எரிந்து போகாது

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது ஆள். நாகர்கோவிலில் நகைப் பட்டறை மண்ணை விலைக்கு வாங்கி அரித்து, பாதரசம் விட்டுத் தங்கப்பொடியைத் திரட்டி, அடுக்களையிலேயே கும்மட்டி அடுப்பில் வைத்து ஊதியிருக்கிறார். இரவே காய்ச்சல், இருமல், மூச்சு முட்டல். மனைவியின் இடுப்பில் இருந்த பிள்ளைக்கும் அதே இருமல்.

முதலில் வந்தவருக்கு, இது ரச ஆவியின் வேலை என்று தெரியாமல், நானும் நிமோனியா என்றுதான் மருந்து எழுதினேன். என்ன வேலை என்று கேட்கவில்லை. தப்பு என்னுடையது.

“ரசத்தைக் கையாலயே தொடல்ல டாக்டரே. தீயில போட்டா எரிஞ்சு போவும்லா?”

இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. தீயில் முடி எரியும், கந்தல் எரியும், மண்ணெண்ணெய் எரியும். ரசம் உலோகம், எரிந்து இல்லாமல் போகாது. தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். ரசம் 357 டிகிரியிலேயே கொதித்துக் கிளம்பிவிடும். மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில், தங்கம் மிஞ்சியது சரி, ரசம் எங்கே? சுவரில், கூரையில், கொடியில் கிடக்கும் துணியில். கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் படிந்து, அடுப்பு அணைந்த பிறகும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மணமும் கிடையாது. விழுங்கினால்கூடக் குடல் பெரும்பாலும் அப்படியே வெளியே தள்ளிவிடும். மூச்சில் போனால் சுமார் 80 சதவீதம் உடம்பில் தங்கிவிடும்.

“ஆலையிலயும் மண்ணைச் சூடாக்கித்தான எடுக்காங்க?” என்றான் கூட வந்த தம்பி. நல்ல கேள்வி. 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் ரசம் கலந்த மண்ணுக்கு வகுத்த வழியும் கழுவுவதும் சூடாக்குவதும்தான். ஆனால் மூடிய கலனில். ஆவியைக் குளிரவைத்து மறுபடி ரசமாகவே பிடிப்பார்கள். அடுக்களை ஜன்னல் அந்த வேலையைச் செய்யாது.

வீட்டில் ஊதாதீர்கள். மொட்டை மாடியிலும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரும் மூச்சு விடுகிறார். சாதாரண முகக்கவசம் தூசிக்கு உதவும், இந்த ஆவிக்கு அல்ல. பாலும் வாழைப்பழமும் பசிக்குச் சாப்பிடலாம், ரசத்தை முறிக்காது. சிந்தினால் துடைப்பத்தை எடுக்காதீர்கள், துளி சிதறும். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, அட்டையால் ஒதுக்கி மூடியுள்ள பாட்டிலில் சேருங்கள். ஓடையில் கொட்டினால் பழையாறு வழியாக மணக்குடிக்குப் போய், மீனோடு நம் சட்டிக்கே திரும்பும்.

அப்புறம், தயவுசெய்து, மருத்துவரிடம் வேலையை மறைக்காதீர்கள். யாரிடமும் காட்டிக்கொடுக்க மாட்டோம்.

பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன், அனுப்பிவிட்டார்கள். கும்மட்டி இன்னும் அடுக்களையில்தான் இருக்கிறதாம்.